நாலாம் நம்பர் போனில் தண்ணீர்

எண்பத்து நாலாம் வருடம் ஐப்பசியில், எடமலைப்பட்டி புதூரில் பிலோமின்ராஜின் பட்டறையில், நாலாம் நம்பர் போனிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. காதில் வைக்கிற பக்கம் அல்ல, பேசுகிற பக்கத்துத் துளைகள் வழியாக வந்தது. முதலில் ஒரு டம்ளர் அளவுக்குத்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் கீழே வாளி வைக்க வேண்டியிருந்தது. செம்மண் கலந்து, வைக்கோல் துணுக்குகள் மிதக்கிற தண்ணீர். ஒருமுறை அந்தத் துளைகளில் நுழையவே முடியாத பருமனில் ஒரு கெண்டைக் குஞ்சும் வந்து மேஜையில் துள்ளியது. அந்த வாரம் திருச்சியில் எங்கும் மழை இல்லை.

பிலோமின்ராஜ் அந்தப் போன் பெட்டியை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. புதுக் கனெக்ஷனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள், அதற்குப் பிறகு பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அவருக்கு எப்படியோ ஒரு லைன் கிடைத்திருந்தது. பெரிய தொழிற்சாலைக்குக் குழாய் தாங்கிகள் செய்து கொடுக்கிற பட்டறை. முன்ஷெட்டில் ஆபீஸ், காலிமனை தாண்டிப் பின்ஷெட்டில் வெல்டிங். கைலாசபுரத்துத் தொழிற்சாலையிலிருந்து எஞ்சினீயர் கூப்பிட்டால், அவர் பின்ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லைன் போய்விடும். ஆகவே பாலக்கரையில் பழைய சாமான் கடை வைத்திருந்த நசுருதீனிடம், ஒரு வெளி லைனை எட்டு உள் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்றை வாங்கினார். மூடிப்போன ஒரு நூல் கம்பெனியின் பெட்டி. "எழுபத்தேழு வெள்ளத்துல ஒருதரம் முங்கினதுண்ணே. மறைக்கல. காய வச்சு, துடைச்சு, எல்லாம் பார்த்தாச்சு" என்று நசுருதீன் சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

பெட்டியை மாட்டிக் கொடுக்க வந்தவர் அற்புதசாமி. ஊரில் பாதிக் கடைகளுக்குப் போன் ஒயர் இழுத்தவர். பழைய கம்பெனியின் இணைப்புகளை மறக்கடித்துவிட்டுத்தான் புது இணைப்புக் கொடுக்க முடியும் என்றார். அதற்கென்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கிப் பிடித்தால் விளக்குகள் எல்லாம் அணைந்து, பெட்டி ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளை போல ஆகிவிடும். ஏழு போன்கள் அப்படித்தான் ஆயின. நாலாம் நம்பரை மட்டும் அவர் வெல்டிங் ஷெட்டுக்குக் கொடுத்தும் அது அங்கே போகவில்லை. ஆபீஸ் மேஜையில் தானாக அடித்தது. பிலோமின்ராஜ் எடுத்தார்.

"ஹலோ, ஆபரேட்டர் பேசுறேன். சார், இன்னும் ரூம்லதான் இருக்கீங்களா? இங்க தண்ணி உள்ள வந்துடுச்சு. கதவு திறக்க மாட்டேங்குது."

ஏதோ லைன் மாறிவிட்டது என்று அவர் நினைத்தார். எந்த ஆபரேட்டர், எந்த ஊர் என்று கேட்டார். அந்தப் பெண் நூல் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். தன் பெயர் செல்வமேரி என்றாள். கோரையாறு உடைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள், வெளி லைன் செத்துவிட்டது, மானேஜர் அறைக்குப் போகிற நாலாம் நம்பர் மட்டும்தான் வேலை செய்கிறது என்றாள். முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது என்றாள். பின்னால் தண்ணீர் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிலோமின்ராஜ் யோசிக்கவில்லை. அற்புதசாமியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கடப்பாரை ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நூல் கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நின்றது. ஆபரேட்டர் அறை இருந்த மூலையில் சமையல்கட்டு. அங்கே நாலு பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தரை சுக்காகக் காய்ந்திருந்தது. கடப்பாரையோடு நின்ற இருவரையும் பார்த்து, மண்டபக் காவல்காரர் செபஸ்தியான் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் அந்தக் கம்பெனியிலும் காவல்காரராக இருந்தவர். "செல்வமேரியா? தண்ணி வடிஞ்சப்புறம் கதவை உடைச்சுல்ல எடுத்தோம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சவரிநாதன் சம்சாரம். ஏழு வருஷம் ஆச்சுங்களே" என்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஆபீஸ் தரை ஈரமாக இருந்தது. போனை எடுத்துக் கேட்டபோது, செல்வமேரி அவள் அறையில் மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறியிருந்தாள். பேச்சு கூரைக்குப் பக்கத்திலிருந்து வருவது போல எதிரொலித்தது. அவள் இப்போது யாரையும் கூப்பிடவில்லை, அருள் நிறைந்த மரியே என்று அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு வார்த்தை முழுகியது. போனிலிருந்து தண்ணீர் குழாய் திறந்தது போலக் கொட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அற்புதசாமி சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். விளக்குகள் அணைந்தன, தண்ணீர் நின்றது. விளக்குகள் திரும்ப எரிந்ததும் நாலாம் நம்பர் அடித்தது.

"ஹலோ, ஆபரேட்டர் பேசுறேன். சார், ரூமுக்குள்ள லேசா தண்ணி வருது. கணுக்கால் நனையுது."

அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கணுக்காலிலிருந்து கழுத்துக்கு ஏற அந்தத் தண்ணீருக்கு ஏறக்குறைய அரை நாள் ஆகும் என்று போகப் போகத் தெரிந்தது. ஒயரைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தார்கள். விளக்குகள் எரிந்தன, தண்ணீரும் ஏறியது. ஜன்னலை உடைக்கச் சொன்னார்கள். கண்ணாடி உடைந்தது, கம்பி அசையவில்லை. கூரை ஓட்டைத் தள்ளச் சொன்னார்கள். காங்கிரீட் கூரைங்க என்றாள். தீயணைப்பு வண்டி இருமுறை கல்யாண மண்டபத்துக்குப் போய்த் திரும்பியது. பங்குச் சாமியார் வந்து போனுக்கு மேல் தீர்த்தம் தெளித்து, அவளோடு பேசினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர முடியாமல் போகுமோ என்று அவள் அவரிடம் கவலைப்பட்டாள். அவர் வெளியே வந்து, பொத்தானை அமுக்க மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். செய்யக்கூடியதாக அது ஒன்றுதான் இருந்தது. காலையில் பட்டறையைத் திறக்கிறவர் ஒருதரம் அமுக்கினார். சாயங்காலம் பூட்டுகிறவர் ஒருதரம் அமுக்கினார். மற்ற ஏழு போன்களில் வியாபாரம் நடந்தது.

சவரிநாதனிடம் சொல்வதா வேண்டாமா என்று பிலோமின்ராஜ் தை மாதம் வரை தள்ளிப்போட்டார். மனைவி போன இரண்டாம் வருடம், பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று, லால்குடிப் பக்கத்து லூர்துராணியைச் சவரிநாதன் கட்டியிருந்தார். கடைசியில் செபஸ்தியான் மூலமாகவே செய்தி போய்விட்டது. சவரிநாதன் ஒர்க்‌ஷாப் காக்கி உடுப்போடு வந்து, கையை அதிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"மேரி."

"என்னங்க, நீங்களா? எப்படிங்க இந்த லைன்ல வந்தீங்க? புள்ளைங்க எங்க?"

"வீட்டுல இருக்குதுங்க. பத்திரமா இருக்குதுங்க."

"குரல் ஏன் இப்படி இருக்கு? சளி புடிச்சிருக்கா?"

"ஆமா. லேசா."

"அப்ப தண்ணியில இறங்கி வராதீங்க. இங்க ஒண்ணும் இல்ல, இடுப்பு வரைக்கும்தான். யாராவது வந்து திறந்துடுவாங்க."

"நான் வந்துக்கிட்டே இருக்கேன், மேரி" என்றார் சவரிநாதன். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து பொன்மலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து அதையே சொன்னார். அவளும் ஒவ்வொரு நாளும் முதல்முறை கேட்பது போலச் சந்தோஷப்பட்டாள். அப்படிச் சொல்லிச் சொல்லி அவர் உடம்பு இளைத்தது. வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு, வந்துக்கிட்டே இருக்கேன் என்று முணுமுணுத்தார். கனவிலும் ஒரு சைக்கிள் பெடலை மிதிப்பது போல அவர் கால்கள் அசைந்தன.

லூர்துராணி அந்த வருடம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். அடுத்த வருடம் தவக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம், புருஷன் இல்லாத நேரம் பார்த்து, பட்டறைக்கு வந்தாள். எவளோ ஒருத்தியோடு போனில் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தாள். பிலோமின்ராஜ் எதையும் மறைக்காமல் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தார்.

"யாருங்க அது?" என்று கேட்டாள் செல்வமேரி.

லூர்துராணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பக்கத்து வீடுங்க. புதுசாக் குடி வந்திருக்கோம். லூர்துராணின்னு பேரு."

"எங்க வீட்டுப் புள்ளைங்க..."

"எங்கிட்டதான் இருக்குதுங்க. சாப்பிட்டாச்சு."

"சின்னவன் சாப்பிட்டானா? ரசஞ்சோத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டாத்தாங்க தொடுவான். கேக்க மாட்டான், தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருப்பான். நம்மளாப் பார்த்துப் போடணும்."

சின்னவன் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். லூர்துராணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை அவன் எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. அன்று ராத்திரி அவள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாப்பிட்டு, தட்டை இன்னொருதரம் நீட்டினான். லூர்துராணி உள்ளே போய் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளும் போக ஆரம்பித்தாள். காலையில் அவள், சாயங்காலம் அவர். புருஷனிடம் தைரியமாகப் பேசுகிற செல்வமேரி, முகம் தெரியாத இந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் மறைக்கவில்லை. தண்ணீர் மார்புக்கு வரும்போது அவள் குரல் மாறும். "அக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா. பாம்பு ஒண்ணு நீந்திப் போவுது. அவருகிட்ட சொல்லிடாதீங்க, இறங்கி வந்துடுவாரு" என்பாள். இதை லூர்துராணி நாள் தவறாமல் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். "நாமதான் அந்தப் பொண்ணைத் தினம் ரெண்டு தடவை தண்ணியில தள்ளுறோம். ஒருதரம் பட்டது போதாதா அதுக்கு? விட்டுடுவோம்."

"அமுக்காம விடுன்றியா?" என்றார் சவரிநாதன்.

மறுநாள் அமுக்குவதில்லை என்று முடிவாயிற்று. பிலோமின்ராஜ் பட்டறைக்கு லீவு விட்டார். பங்குச் சாமியாரும் வந்தார். போனை மேஜையில் படுக்க வைத்துச் சுற்றி நின்றார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். தண்ணீர் மேஜையிலிருந்து வழிந்து எல்லோருடைய காலையும் நனைத்தது. அருள்நிறை மந்திரம் தொடங்கியது. சாமியாரும் சவரிநாதனும் கூடச் சொன்னார்கள். அற்புதசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வழக்கமாக முழுகுகிற அந்த வார்த்தை வந்தது. சவரிநாதன் அசையவில்லை, கண்ணை மூடி நின்றார். ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்கியது லூர்துராணிதான். விளக்குகள் அணைந்த பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. பிலோமின்ராஜ் வந்து எடுத்துவிட்டார். அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

வருடங்கள் போயின. பெட்டிக்கு உதிரி கிடைக்காமல் மற்ற ஏழு போன்களும் ஒவ்வொன்றாகச் செத்தன. பிலோமின்ராஜ் கால்குலேட்டர் அளவில் புது மாடல் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினார். பழைய பெட்டியைக் கழற்றவில்லை. பட்டறையை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போக அவருக்கு ஆசை இருந்தது. வந்து பார்த்தவர்களிடம், காலையிலும் சாயங்காலமும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும் என்று சொன்னார். அவர்கள் திரும்ப வரவில்லை, அவரும் போகவில்லை.

எண்பத்தெட்டில் சவரிநாதனின் மூத்தவள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டில் அதுவரை அவளைப் பட்டறைப் பக்கம் விட்டதில்லை. அவளே பத்திரிகையோடு வந்து போனை எடுத்தாள். தன் மகள் எட்டு வயதுப் பிள்ளையாக வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பதாக நம்புகிறவளிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரு என்ற கேள்விக்கு, "புது ஆபரேட்டர்ங்க" என்றாள். செல்வமேரி பதறிவிட்டாள். "இன்னிக்கா ட்யூட்டிக்கு வந்தே? இந்தப் பக்கமே வராதே. மேட்டுப் பக்கமாப் போ. வீட்டுக்குப் போம்மா, போ, நிக்காதே" என்றாள். ஸ்டெல்லா சரிங்க என்று சொல்லி, போனை வைக்காமல் லூர்துராணி கையில் கொடுத்துவிட்டு, பத்திரிகை நனைந்தது தெரியாமல் மேட்டுப் பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடக் கோடையில் தெருவில் முனிசிபல் குழாய் காற்று விட்டது. முதலில் குடத்தோடு வந்தவள் பின்தெரு இருளாயி. நாலாம் நம்பர் தண்ணீரைத் தெளிய வைத்துப் பார்த்து, குறையில்லை என்று அவள் சொன்னதும் மற்றவர்களும் வந்தார்கள். தண்ணீர் ஏற ஏறத்தான் நன்றாக வரும், ஆனால் மார்புக்கு வந்ததும் குடம் நிறையாவிட்டாலும் லூர்துராணி பொத்தானை அமுக்கிவிடுவாள், யாரும் சண்டைக்குப் போவதில்லை. மணப்பாறையிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒருத்தி வரிசையில் நின்று, இது போர்த் தண்ணியா காவேரித் தண்ணியா என்று கேட்டாள்.

"செல்வமேரி தண்ணி" என்று சொல்லிவிட்டு, இருளாயி குடத்தை முன்னால் நகர்த்தினாள். "பருப்பு நல்லா வேகும்."