மறைக்கச் சொன்ன கடிதம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ரேணுகாம்பாள் அம்மாவின் பட்டுக்கடையில் உதயகுமார் பதினாலு வருஷமாகப் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பிடிக்காத நிறத்தைப் பிடிக்க வைப்பான். முந்தானையில் ஓர் இழை தப்பியிருந்தால் அந்த மடிப்பு மட்டும் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் போய்விடும். இந்தச் சாமர்த்தியத்தை அவன் கடைவாசலோடு விட்டிருக்கலாம். கல்யாணத்துக்குள்ளும் கொண்டுபோனான்.

மனைவி ஷாரோன் செவிலிமேட்டுப் பெண். டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்தோணியின் மகள். வேலூரில் நர்சிங் படித்து, இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் வேலைக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிவிட்டவள். அந்த உரிமை கிடைத்த அடுத்த வருஷம், பனி உறைந்த சாலையில் அவள் வந்த கார் சறுக்கி முதுகெலும்பில் அடிபட்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குள் கோல் ஊன்றி நடந்தாள்; வெளியே போக சக்கர நாற்காலி. வார்டு வேலை போயிற்று. அதே ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் தொலைபேசி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். அதோடு அரசாங்கம் மாற்றுத்திறனாளி உதவித்தொகை தந்தது.

தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது புடவை எடுக்க அந்தக் கடைக்கு வந்தாள். வாசலில் மூன்று படி. மற்றவர்கள் பலகை தேடி ஓட, உதயகுமார் ஜமக்காளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் விரித்து, போகிற வருகிற பைக்குகளுக்கு நடுவே பதினாறு புடவையைப் பிரித்துப் போட்டான்.

"வெய்யில்ல சாயம் போயிடாதா?" என்றாள்.

"போனா நானே வாங்கிக்கிறேன்மா."

அவள் சிரித்துவிட்டு, புடவை எதுவும் எடுக்காமல் அவன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். பதினோரு மாசம் போனில் பேசிய பிறகு மறுபடி வந்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. உதயகுமார் வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை என்று தீர்மானித்தார்கள். ஆனால் லீவு முடிந்து மூன்றே வாரத்தில் அவள் கிளம்பிவிட்டதால், பேசாமல் இருப்பதற்கு எதிரே ஆள் இல்லாமல் அந்தக் கோபம் தானாகவே வடிந்துவிட்டது.

அவள் சக்கர நாற்காலியைப் பற்றி அவனுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. தொண்டையில் சிக்கியது அந்த உதவித்தொகைதான். 'பொண்டாட்டி அரசாங்கத்துகிட்ட உதவித்தொகை வாங்குறா, அந்தக் காசுல இவன் பிளேன் ஏறப்போறான்' என்று ஊர் பேசுவது அவன் காதில் முன்கூட்டியே கேட்டது. ஊர் இன்னும் பேசவில்லை என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. டீக்கடையில் யாரோ "வீட்டுக்காரம்மா அங்க என்னா வேலை?" என்று கேட்டபோது, "லண்டன்ல பெரிய ஆஸ்பத்திரி. டிபார்ட்மென்ட்டுக்கே ஹெட்" என்றான். லீட்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது என்பதால் லண்டன். அடுத்த மாதம் அவள் கீழே பன்னிரண்டு நர்சுகள் சேர்ந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஆஸ்பத்திரியே கார் அனுப்பியது. அவள் இவ்வளவு வேகமாக முன்னேறுவதைப் பார்த்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

விசாவுக்கு வழி கேட்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஜெபகுமாரிடம் போனான். ஜெபகுமார் பாஸ்போர்ட், விசா, பான் கார்டு எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்பவர். சுவரில் ஒரு உலகப்படம், அதில் நாடு நாடாகக் குண்டூசி.

"பொண்டாட்டி புருஷனைக் கூப்பிடணும்னா இவ்ளோ வருமானம் காட்டணும் பிரதர்," என்று ஒரு தொகையை எழுதிக் காட்டினார். "உங்க வீட்ல ரெண்டு நாள் வேலைதானே? பத்தாது. வாரத்துக்கு நாலு நாளாவது வேலை செஞ்ச ஆறு மாசச் சம்பளச் சீட்டு வேணும்."

"உதவித்தொகை ஒண்ணு வருது சார்." இதைச் சொல்லும்போது உதயகுமார் குரலைத் தாழ்த்திக்கொண்டான், அறையில் வேறு யாருமில்லை.

ஜெபகுமார் பேனாவை மூடினார். "அதைப் பத்தி மூச்சு விடாதீங்க. கவர்மென்ட் காசுல உக்காந்துகினு இருக்கவங்க இன்னொருத்தரை எப்படிக் கூப்பிட முடியும்? பாத்த உடனே ரிஜெக்ட் பண்ணுவான்."

இதைக் கேட்டு உதயகுமாருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் மறைக்க விரும்பியதை சட்டமும் மறைக்கச் சொல்கிறது. இப்படி ஒரு பொருத்தம் அவன் ஜாதகத்தில் அதுவரை அமைந்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லீட்ஸில் விடிந்து கொஞ்ச நேரமிருக்கும், ஷாரோனைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"உதயா, அந்த உதவித்தொகை லெட்டரைப் பத்தி இங்க ஒருத்தங்க வேற மாதிரி..."

"அதை எடுத்து உள்ள வை ஷாரோன். அதைச் சொல்லிக்கினு போனா எனக்கு வெக்கமா இருக்குது. நாலு நாள் வேலை கேட்டுப் பாரேன், ஆறு மாசம்தான்."

அந்தப் பக்கம் ஏதோ டிராயர் மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "கேக்கறேன்," என்றாள்.

நாலு நாள் வேலை கிடைத்தது. உதயகுமார் டீக்கடையில் அவளுக்கு இன்னொரு பதவி உயர்வு கொடுத்தான். போனில் அவள் குரல் மாதத்துக்கு மாதம் சுருங்கியதை அவன் கவனிக்காமல் இல்லை; குளிர் என்று நினைத்துக்கொண்டான். குளிர் என்று நினைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

நாலாவது மாதம் இரண்டு நாள் அவள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்தோணி கடைக்கு வந்தார். உள்ளே வராமல் எதிர்ப்பக்கம் நின்று கையசைத்தார்.

"மாப்ள, அவ சொல்ல வேணாம்னு சொன்னா. எனக்கு மனசு கேக்கல. பாத்ரூம்ல முதுகு பிடிச்சுக்கினு எழுந்திருக்க முடியாம மூணு மணி நேரம் கெடந்திருக்கா. பக்கத்து வீட்டம்மா வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போச்சாம். இப்ப வீட்ல படுத்துக்கினு இருக்கா."

"எதனால மாமா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் அவனுக்கு உறைத்தது. அந்தோணி முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். குறுக்கே வந்து விழுகிறவனைப் பார்க்கும் பார்வை ஒன்று அவரிடம் உண்டு. அப்படித்தான் பார்த்தார்.

உதயகுமார் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த சந்துக்குப் போய் வீடியோ காலில் அழைத்தான். அவள் எடுத்தாள். தலையணையில் பாதி முகம் தெரிந்தது.

"அப்பா சொல்லிட்டாரா?"

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ ஜெபகுமார் சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னுவே."

அவன் வாயைத் திறந்தான். பதினாலு வருஷமாகச் சோறு போட்ட வாய். அதை மூடிக்கொண்டு கேட்டான்.

"இங்க ஆஸ்பத்திரில இலவசமா ஆலோசனை சொல்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க," என்றாள் ஷாரோன் மெதுவாக. "நேத்து படுக்கைக்கே வந்து ரூலைப் படிச்சுக் காட்டினாங்க. இந்த உதவித்தொகை வாங்கறவங்களுக்கு அந்த வருமானக் கணக்கே கிடையாதாம். வாடகை போக மீதியில ரெண்டு பேரும் குடித்தனம் பண்ண முடியும்னு காட்டினாப் போதுமாம். ரெண்டு நாள் வேலையும் அந்த லெட்டரும் போதும் உதயா. மொதல் நாளே இருந்துச்சு."

"அன்னிக்கு இதைத்தான் சொல்ல வந்தியா?"

"ஒரு மாதிரி காதுல விழுந்திருந்துச்சு. சரியாத் தெரியல. நீ வெக்கம்னு சொன்னியா, அப்புறம் எனக்கும் அந்த லெட்டரை எடுக்க வெக்கமாயிடுச்சு. பத்து வருஷமா வரி கட்டினு இருக்கேன் இந்த ஊருக்கு. அடிபட்டப்ப அவங்க குடுக்கறாங்க. அதுல என்னா வெக்கம்னு யோசிச்சேன். ஒண்ணுமில்ல. ஆனாலும் நாலு நாள் வேலைக்குப் போனேன் பாரு, என்னையும் சொல்லணும்."

அவனைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்கவில்லை. அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து, "நான் ஒரு மடையன் ஷாரோன்," என்றான்.

"தெரியும்பா. அழாதே. பெட்டி நசுங்குது."

அதற்குப் பிறகு விண்ணப்பத்தை அவள் படுத்தபடியே தானே நிரப்பினாள். கல்யாணம் உண்மையானதுதான் என்று தெரிந்தவர்கள் எழுதிய கடிதங்களும் வேண்டியிருந்தன. அவள் நிலைமை என்ன, என்ன வாங்குகிறாள், அவன் போய் என்ன பார்த்துக்கொள்ளப்போகிறான் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கிறதே, கடிதத்திலும் அது மாறாமல் இருக்கட்டும் என்றாள். உதயகுமாருக்கு அப்படிக் கடிதம் கொடுக்கக்கூடிய மதிப்பான ஆள் ரேணுகாம்பாள் அம்மா ஒருத்திதான். அவளிடமும் அவன் பன்னிரண்டு நர்சுகளையும் காரையும் சொல்லியிருந்தான்.

கடை திறக்கும் முன், அவள் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும், எதிரில் போய் நின்றான்.

"அம்மா, ஒரு லெட்டர் வேணும். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். என் வீட்ல டிபார்ட்மென்ட் ஹெட் இல்லை."

"சரி."

"லண்டனும் இல்லை. லீட்ஸ்."

"சரி."

"ரெண்டு நாள் போன் எடுக்கிற வேலை. மிச்சத்துக்கு அரசாங்கம் உதவித்தொகை குடுக்குது."

ரேணுகாம்பாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "எல்லாம் தெரியும்பா. உன் மாமனார் ரெண்டு வருஷம் முன்னாடியே இங்க வந்து உக்காந்து சொல்லிட்டுத்தான் போனாரு. தெருவுக்கே தெரியும்."

"டீக்கடைல?"

"அங்கதான் மொதல்ல தெரியும்."

"அப்புறம் ஏன்மா ஒருத்தரும் எங்கிட்ட..."

"நீ சந்தோஷமாச் சொல்லிக்கினு இருந்தே. எதுக்குக் கெடுக்கறதுன்னு விட்டுட்டோம். அந்தக் கார் வந்தப்ப மட்டும் டீக்கடை தேவராஜ் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுன்னான்." அவள் காகிதத்தை எடுத்தாள். "அந்தப் பொண்ணு படியேற முடியாம வந்தன்னிக்கு நீ ரோட்ல புடவை போட்டது எனக்குத் தெரியும். அதையே எழுதித் தரேன். போதுமா?"

அன்று முழுக்க அவனால் தெருவில் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இரண்டு வருஷமாக ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தவனை ஊர் ஒன்றுசேர்ந்து பத்திரமாக வளர்த்து வந்திருக்கிறது. சாயங்காலம் டீக்கடை தேவராஜ் டீயை நீட்டிக்கொண்டே, "முதுகு எப்படி இருக்குதாம் அவங்களுக்கு?" என்று கேட்டார். "பரவால்ல," என்றான். அதுதான் அந்தக் கடையில் தன் மனைவியைப் பற்றி அவன் சொன்ன முதல் நிஜம்.

ஆங்கிலத் தேர்வு ஒன்றும் பாக்கி இருந்தது. பேசவும் கேட்கவும் தெரிகிறதா என்று பார்க்கும் அடிப்படைத் தேர்வு. சென்னையில் ஒரு கண்ணாடி அறை. எதிரே சிரித்த முகமாக ஒரு பெண். உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்று கேட்டாள். உதயகுமார் தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் தேடிப் பார்த்தான். பொய் சொல்கிற அளவுக்கு அதில் வார்த்தை கிடையாது. மை வைஃப் போன் ஒர்க், டூ டேஸ், பேக் பெயின், கவர்ன்மென்ட் ஹெல்ப், வெரி குட் லேடி என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். அவள் இன்னும் கொஞ்சம் சொல்லச் சொன்னாள். "ஐ ஆம் ஃபூல்," என்றான். தேர்ச்சி பெற்றுவிட்டான். எந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் விழுந்தது என்பது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஜெபகுமாரிடம் போய் அந்த விதியைப் பற்றிச் சொன்னபோது அவர், "அப்படியா பிரதர், இப்ப மாத்தியிருப்பாங்க," என்றார். சண்டை போடலாமென்றுதான் மாடியேறினான். ஆனால் அந்த மனிதர் தவறான யோசனை சொன்னார், அவ்வளவுதான். அதை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது யார் என்று படியிலேயே தெரிந்துவிட்டது. கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

மூன்றரை மாதம் கழித்துப் பாஸ்போர்ட் வந்திருப்பதாகச் செய்தி வந்தது. அந்தோணியும் கூட வந்தார். சென்னை அலுவலகத்தில் உறையை வாங்கி வெளியே வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தோணி அதைப் பிடுங்கி, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பில் கிழித்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"படம் ஒட்டியிருக்குது மாப்ள. உங்க மூஞ்சிதான். நல்லாவே இல்லை."

அதுதான் விசா.

ஷாரோனைக் கூப்பிட்டான். "குடுத்துட்டாங்க," என்றான். அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் ஓசை வந்தது.

"அழறியா?"

"சளி," என்றாள். "நீ?"

"இங்க வெய்யில்ல எப்படி சளி வரும். அழறேன்."

தை மாசம் போய்ச் சேர்ந்தான். அவள் பழையபடி இரண்டு நாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவனுக்கு ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் தலைகாட்டியதால் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கூட்டிப் போனான். அந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும். காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனுக்கு மேடு என்றால் பாலாற்றங்கரை மட்டும்தான். அரை தெரு தள்ளுவதற்குள் மூச்சு வாங்கியது. கையுறைக்குள் விரல் மரத்துப்போயிற்று.

"எப்பவும் நீயே தனியா இந்த மேட்டுல ஏறுவியா?"

"நாற்காலில ஒரு மோட்டார் இருக்குது. கைப்பிடி கிட்ட பட்டன்."

அவன் நின்று குனிந்து பார்த்தான். இருந்தது.

"ஏன் மொதல்லயே சொல்லலை?"

"நீ கேக்கலையே," என்றாள் ஷாரோன், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. "பட்டனை இப்ப தொடாதே. இன்னும் ஒரு தெரு தள்ளு, அப்புறம் பாக்கலாம்."