வெளியிடாத குரல்

என் தம்பி ரஊஃபுக்கு மண்டை நிறைய மூளை. அதைக் காசாக்கும் சாமர்த்தியம்தான் ஒரு துளிகூடக் கிடையாது. அலெக்ஸாண்டிரியாவில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பகல் முழுக்க வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது அவன் உத்தியோகம். மீதி நேரமெல்லாம் நிரல் எழுதுவான். எழுதியதை மூல நிரலோடு இணையத்தில் வைத்துவிடுவான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். கேட்டால் இதுதான் சுதந்திர மென்பொருள் என்பான். ஊரான் பிழைக்க நீ உழைப்பதற்கு இப்படியும் ஒரு பெயரா என்று நான் கேட்பேன்.

முதலில் எழுதியது தொழுகை நேரம் காட்டும் நிரல். செத்துப்போன தாய் தகப்பன் பேரில் எங்கள் ஊரில் தெருவில் தண்ணீர்க் குளிரூட்டி வைப்பார்கள், பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கித் தருவார்கள். அது ஓடுகிற வரைக்கும் போனவர்கள் கணக்கில் நன்மை சேரும். ரஊஃப் இந்த நிரலை அம்மா பேரில் வைத்தான். திறந்ததும் முதல் திரையில், "என் தாய் ஹிக்மத்தின் பேரில் தர்மம். அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்" என்று, இறந்தவருக்கு ஓதும் அந்தப் பிரார்த்தனையைக் கேட்டு இரண்டு வரி வரும். அதைப் பார்த்து நான் அழுதேன். அது லட்சக்கணக்கான போன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வேலை எனக்காகத் தொடங்கியது. நான் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை அவர்களுக்கு ஒரு குரல் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்கும்படியான அரபிக் குரல் வேண்டுமென்றால் டாலரில் கொட்டிக் கொடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பது தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிப் பேசும். ரஊஃப் என் குரலையே கேட்டான்; நான் வாசிப்பதைத் துண்டு போட்டுச் சேர்த்து, எந்த வாக்கியத்தையும் என் குரலிலேயே பேச வைப்பானாம். அந்தக் குளிர்காலம் முழுக்க, தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க, துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாக வாசித்துக் கொடுத்தேன். "மிஸ், நீங்க எப்போ கம்ப்யூட்டருக்குள்ள வருவீங்க?" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள்.

பாதி முடிந்திருந்தது. மீதியை முடிக்க, வேலைக்குப் போகாமல் ஒரு வருஷம் வேண்டும். அதற்குள் வளைகுடாவிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. நல்ல சம்பளம்தான். ஆனால் வேலையில் சேர்ந்தபின் வீட்டில் உட்கார்ந்து எழுதினாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் குரல் பிள்ளைகளுக்கு இல்லை. போடாமலிருக்க வேண்டுமானால் ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வழி தேட வேண்டும்.

தேடினான். நன்கொடை வாங்கித் தரும் வெளிநாட்டுத் தளங்களின் பட்டியலில் எகிப்து இல்லை. ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை வாயாரப் புகழ்ந்துவிட்டுக் கையை விரித்தது. கடைசியில் தொழுகை நிரலில், அம்மா பேருக்குக் கீழே, "இந்த வேலை தொடர உதவுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தான்.

வந்தது வம்பு. பெற்றவளின் தர்மத்துக்கு உண்டியல் வைத்த பிள்ளை என்று நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதித் தள்ளினார்கள். ஒரு ஃபாத்திஹா எத்தனை பவுண்டு என்று ஒருவன் விசாரித்திருந்தான். அந்த வாரமே வரியை எடுத்துவிட்டான். அம்மா பேரை எடுத்துவிட்டுக் காசு கேளேன் என்றேன். அதற்குப் பிறகு பல நாள் என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஹாஜி ஷஃபீக்கின் கடை. பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நேரம் காட்டும் பெரிய திரைகளை விற்கிறார். உள்ளே ஓடுவது ரஊஃபின் நிரல். அந்த வியாபாரத்தில் கார் வாங்கினார். சட்டப்படி தப்பில்லை, ரஊஃப்தான் எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருக்கிறானே. இவராவது ஒரு வருஷம் தாங்கமாட்டாரா என்று இருவரும் போய்க் கேட்டோம். டீ வந்தது. பிறகு ஹாஜியின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒங்கம்மாவுக்கு நான் வெள்ளிக்கிழம தவறாம ஓதுறேன்ப்பா. இதுல காசக் கலந்தா அந்த நல்ல மனுஷிக்குச் சேர வேண்டியது கெட்டுப் போயிடும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"ஸ்கிரீனுக்குக் காசு வாங்குறீங்களே, ஹாஜி" என்றேன் நான்.

"அது கண்ணாடிக்குப்பா."

கையோடு இன்னொன்றும் விசாரித்தார். பேசுகிற நிரல் ஏதோ எழுதுகிறானாமே, அது எப்போது வரும்? திரை பேசினால் நல்ல விலைக்குப் போகுமாம்.

சுதந்திர மென்பொருள்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அரைகுறையாக இருந்தாலும் சீக்கிரம் வெளியே வைத்துவிடுவார்கள். ஒருமுறை வெளியே வந்ததை அப்புறம் யாராலும் முழுசாகப் பூட்ட முடியாது. ரஊஃபும் அந்த வெள்ளிக்கிழமை குரலை வெளியே வைப்பதாக இருந்தான். ஹாஜியின் டீயைக் குடித்துவிட்டு வந்தவன் மனம் மாறிவிட்டான்.

"இதையும் அந்தாளுக்குத் தூக்கிக் குடுக்கணுமாக்கா? முடியட்டும், பாத்துக்கலாம்."

"பாதிக் குரலா இருந்தாலும் எம் பிள்ளைங்க சமாளிச்சுக்குவாங்கடா. வெளிய வை."

அவன் வைக்கவில்லை. வாடகை ஏறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினான்.

விடுமுறை நாட்களில் அங்கேயே முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. கம்பெனி கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்திருக்கிறான், அறிவாளி. மேலதிகாரி பார்த்தார், தட்டிக்கொடுத்தார், நேரமும் கொடுத்தார். முடிந்ததும் முழுக்கத் தங்களுடையது என்றார்கள். பாதி முன்பே எழுதியது என்று இவன் சொன்னான். எங்கே வெளியிட்டாய், காட்டு என்றார்கள். இவனிடம் காட்ட ஒன்றுமில்லை.

ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

"பூட்டிட்டாங்கக்கா."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வகுப்பில் பிள்ளைகளிடம் இப்போதைக்கு வராது என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஹாஜி கடைக்குள்ளிருந்து நான் பேசுவது கேட்டது. அஸர் தொழுகைக்கு இன்னும் சற்று நேரம் இருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். பையோடு உள்ளே போனேன். ஹாஜி புதுத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"வளைகுடா சரக்கும்மா. மாசாமாசம் டாலர்ல கட்டணும். கட்டுனா என்ன, தரம்னா இதுதான் தரம்."

"இதுக்கு யாருக்காவது ஃபாத்திஹா ஓதணுமா, ஹாஜி?"

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இது கம்பெனி சாமானாச்சேம்மா. காசு குடுத்துல்ல வாங்குறோம்."

குத்திக் காட்டியதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மூலையில் பழுதுக்கு வந்திருந்த இன்னொரு திரைக்கு மின்சாரம் கொடுத்தார். அது விழித்துக்கொண்டு, பிள்ளைகளுக்காக அலமாரிக்குள் நான் எவ்வளவு பொறுமையாக வாசித்தேனோ அதே பொறுமையோடு பேசியது.

"உங்கள் சந்தா முடிந்துவிட்டது. பணம் செலுத்தினால் மட்டுமே தொடர முடியும்."

அந்த வாக்கியத்தை நான் ஒருநாளும் வாசித்துக் கொடுத்ததில்லை.