அண்ணன் வீட்டுச் சுவரில் எஞ்சின் சூடு

நாகலூரில் பொன்னுவேல் தன் விமானத்தின் எஞ்சினை ஓட்டினால் அதன் சூடு எஞ்சினில் இருக்காது. வேலிக்கு மேல்புறம் அண்ணன் செல்லப்பன் வீட்டுச் சுவரில் இருக்கும். 1982 தை மாதம் முதல் இப்படித்தான். பொன்னுவேல் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். வரும்போது பெங்களூரில் பழைய இரும்பு ஏலத்தில் எடுத்த நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மரச்சட்டம் செதுக்கி, துணி இழுத்துக் கட்டி, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய விமானத்தைப் பல வருடங்களில் செய்து முடித்தான். பங்காக வந்த தினைக்காட்டைச் சமப்படுத்தினான். சரிவில் ஓடி, பள்ளத்தாக்கின் விளிம்பில் எழும்பி, சேர்வராயன் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

பறப்பதற்கு முன் எஞ்சினைத் தரையில் நிறுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். வானத்தில் எதிர்க்காற்று சிலிண்டர்களைக் குளிர்விக்கும்; தரையில் அது கிடையாது. விசிறி தள்ளும் காற்று முன் சிலிண்டர்களோடு நின்றுவிடும், பின்னால் இருப்பவை வெந்துபோகும். ஆகவே மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பொன்னுவேலுக்கு இது தெரியும். ஆனால் அந்த இடத்தில் காற்று எந்நாளும் மேட்டிலிருந்தே இறங்கும், மேட்டில் இருந்தது செல்லப்பன் வீடு. தாய் இறந்தபோது அடக்கமும் காரியமும் முடிந்த பிறகே செல்லப்பன் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். சாகும்வரை அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று பொன்னுவேல் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். மூக்கைக் காற்றுக்குத் திருப்பினால் கண் அண்ணன் வாசலில்தான் விழும். அதனால் வாலை வீட்டுக்குக் காட்டி நிறுத்தி, வேலியோரச் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றால் கட்டி, சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினான்.

பின் சிலிண்டர்கள் வெந்திருக்க வேண்டும். சூடு காட்டும் முள் அடியிலிருந்து அசையவில்லை. இறங்கித் தொட்டுப் பார்த்தான். ஓடைக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. அதே நேரம் மேட்டு வீட்டில் செல்லப்பனின் மனைவி மாதம்மாள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே உலை கொதித்தது. சுவரில் சாய்ந்திருந்த செல்லப்பன் முதுகு பொரிந்து எழுந்தான். ஊர்க்கவுண்டர் வந்து சுவரில் ஒரு கையையும் எஞ்சினில் ஒரு கையையும் வைத்துப் பார்த்து, சூடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு ஊரில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் பெண்கள் மழைக்காலத்துக் காப்பிக்கொட்டையை அந்தச் சுவரோரம் கொட்டிக் காயவைக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணன் தம்பிக்கு மட்டும் பழகவில்லை. செல்லப்பன் தம்பிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டினான். மிளகாயைப் புகைத்துக் காற்றோடு கீழே அனுப்பினான். பொன்னுவேல் சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது பார்த்து எஞ்சினை ஓட்டினான். காலையில் எஞ்சின் கிளம்பியதும் செல்லப்பன் வேலிக்கு வந்து நின்று வைய ஆரம்பிப்பான். "ஏண்டா, கோழிகூட வேலி தாண்டிப் பறக்குது. உம் பொட்டி கத்த மட்டுந்தாண்டா கத்துது" என்பான். பொன்னுவேல் திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் கூட்டுவான். மேலே சுவர் வெடிப்பு விடும் சத்தம் அவனுக்குத் தேனாக இனிக்கும்.

ஆனால் அவனால் பறக்க முடியவில்லை. எண்ணெய் சூடேறி இளகாமல் முழு வேகம் கொடுத்தால் எஞ்சின் உடைந்துவிடும். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மூடி செய்தான், சாக்கைச் சுற்றினான், வறுத்த மணலைக் கட்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஓர் ஐப்பசி மழையில், செல்லப்பன் பாசிப் படியில் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டு, அடிபட்டுவிட்டதோ என்று அவன் நெஞ்சு பதறியது. அந்தக் கணத்தில் முள் விரலகலம் ஏறியது. மேட்டிலிருந்து வசவு கேட்டதும் இறங்கிவிட்டது. பகை போனால் சூடு தன்னிடம் திரும்பும் என்று அன்று புரிந்துகொண்டான். புரிந்த பிறகும் மூன்று வருடம் அவன் அதைச் செய்யவில்லை. பகை அவ்வளவு பெரிதாக இருந்தது.

1989 கார்த்திகையில், தன் கண் பார்வை மங்கத் தொடங்கியதும், இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. விமானத்தை முதல்முறையாகத் திருப்பி, மூக்கு அண்ணன் வீட்டைப் பார்க்க நிறுத்தினான். எஞ்சினைக் கிளப்புவதற்குள் மாதம்மாள் வேலியைத் தாண்டி வந்துவிட்டாள்.

"ஏனுங்க தம்பி, மூக்கத் திருப்பி வெச்சிருக்கீங்க?"

"அண்ணங்கிட்டப் பேசி முடிச்சுக்கலாம்னுதானுங்க அண்ணி. ஒருக்காலாச்சும் பறக்கோணும்."

 அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நொம்ப நல்ல காரியமுங்க தம்பி. ஆனா வேண்டாமுங்க."

செல்லப்பனுக்கு இரண்டு வருடமாக உடம்பு சூடு தங்குவதில்லை. விரல்கள் நீலம் பாரித்து மரத்துவிடும். சேலத்து டாக்டர் மலையை விட்டு இறங்கச் சொன்னார். இறங்கினால் தம்பி வேலியை நகர்த்திவிடுவான் என்று அவன் மறுத்துவிட்டான். காலையில் எஞ்சின் ஓடினால்தான் சுவரில் முதுகை வைத்து, கை கால் நீட்டி, கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கிறான்.

"பெட்ரோல் இல்லைனு அன்னிக்கி எஞ்சின நிறுத்திப்போட்டீங்க. அவருக்குப் பல்லு கிட்டிப்போச்சுங்க. நீங்க ராசியாயிட்டா அந்தச் சூடு உங்க எஞ்சினுக்கே வந்துருமுங்க. இந்த மார்கழியத் தாண்ட மாட்டாரு."

"அண்ணன் சொல்லியா வந்தீங்க?"

"தெரிஞ்சா என்னையத் தொரத்தி உட்ருவாரு." வேலிவரை போனவள் திரும்பி நின்றாள். "அவர நல்லா வையிங்க தம்பி. காத்தால ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

பொன்னுவேல் அன்று முழுவதும் விமானத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். இருட்டுவதற்குள் மூக்கைப் பழையபடி பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பிவைத்தான். அதற்குப் பிறகு பகையை வளர்ப்பது அவனுக்குத் தினசரி வேலையாயிற்று. அது எளிதாக இல்லை. பழைய கோபங்கள் எடுத்து எடுத்துத் தேய்ந்துபோயின. வெட்டிய குழாய் சிரிப்பை வரவழைத்தது. புதிதாக வைய விஷயம் தேடி, அண்ணன் சின்ன வயதில் தன் காடைக்குஞ்சைத் தின்றதுவரை போனான். மேலிருந்து பதில் வசவு வந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

1991 மார்கழியில் ஒரு காலை பதில் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வேலியோரம் ஆள் வந்து நிற்பதும், மூச்சு வாங்குவதும், ஒன்றும் சொல்லாமல் நிற்பதும் பொன்னுவேலுக்கு முதுகில் தெரிந்தது. அவன் மனம் இளகிவிட்டது. முள் எழுந்தது. எண்ணெய் சூடேறியது. பறக்கப் போதுமான சூட்டைக் காட்டும், பத்து வருடமாகத் தொடாத பச்சைக் கோட்டை முள் தொட்டு நின்றது. விமானம் கயிற்றை இழுத்துத் துடித்தது. இழுத்தால் அவிழும்படி இருக்கைவரை கொண்டுவந்திருந்த முடிச்சின் நுனி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எதிரே பள்ளத்தாக்கு பனி விலகித் திறந்து கிடந்தது. அவன் கை கயிற்றின் மேல் போய் நின்றது. பின்னால் பல் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான். "அம்மா மொகத்தப் பாக்க உடாத பாவி, இன்னும் நீ சாவலையாடா?"

 எஞ்சின் சத்தத்தினூடே செல்லப்பனின் குரல், குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தது.

"நீ பறந்தாத்தாண்டா நாஞ் சாவேன்."

முள் இறங்கி அடியில் போய் நின்றது. செல்லப்பன் மேடேறிப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்க்கும் சத்தம் கேட்டது.

சில வருடம் கழித்து, நாகலூருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ட்மேன் மழையில் நனைந்து செல்லப்பன் வீட்டில் ஒதுங்கினார். சுவரில் கை பட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, இது என்னங்க என்று கேட்டார். தம்பி எஞ்சின் ஓட்டுறாருங்க என்றாள் மாதம்மாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னாள். அவர் மாட்டினார். ஆவி பறந்தது, கோட்டு காய்ந்தது, போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.