விரல் நுனி உரியும் நாட்கள்

12.11.2025, புதன்.
பிழை: வகுப்பில் கம்பி அறுந்தது. அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, பாவு இழை மாதிரி முறுக்கினேன். எச்சில் வேறு தொட்டேன்.

வகுப்பு முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து நோட்டில் இதை எழுதி முடித்ததும் சிவபாலனுக்கு மறுபடியும் காது சுட்டது. தறியில் இழை அறுந்தால் அவன் யோசிப்பதில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓடிப்போய் இரண்டு முனைகளையும் பிடித்து முறுக்கிவிட்டு, அப்புறம்தான் அவனுக்குத் தகவல் சொல்லும். கிட்டாரிலும் அப்படியே செய்துவிட்டன. மேரி சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாபா சிவா, அது கம்பி. உங்க வூட்டுப் பட்டு இல்ல."

மேரிக்கு அவன் வயதுதான். பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் சைக்கிள் கடை மாடியில் கிட்டார் வகுப்பு. அவன் கையிலிருப்பது அவளுடைய பழைய கிட்டார்.

அவனுக்கு இந்தப் பித்து பிடித்தது பதினாலு வயதில். தறிக்குப் பக்கத்தில் செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் பாடுகிற குரலைக் கேட்பார்கள். அவன் காது குரலுக்கு அடியில் நுழைந்து, ஓடுகிற கம்பியின் ஒலியைப் பிடித்துக்கொண்டு போகும். பாட்டு வேகமெடுத்தால் அவன் கையும் காலும் வேகமெடுக்கும், நெசவு இளகிவிடும். பாட்டு மெதுவானால் அடி அழுந்தி விழும். ஒருநாள் அப்பா வேணுகோபால் புடவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க குத்துப்பாட்டு, இங்க சோகப்பாட்டு" என்று விரல் வைத்துக் காட்டினார். அதோடு தறியில் பாட்டு நின்றது. காது நிற்கவில்லை. திருவிழாக் கச்சேரியில் எல்லோரும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, அவன் பக்கவாட்டில் மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு கிட்டார்காரரின் இடது கையை மட்டும் பார்த்தபடி நின்றான். கம்பிகளுக்கு நடுவில் விரல்கள் இடம் தேடி இடம் தேடி அமர்ந்தன. இது தனக்குத் தெரிந்த வேலைபோல இருக்கிறதே என்று அன்று தோன்றியது. அது சுத்தப் பொய் என்று தெரிந்துகொள்ள மேரியின் வகுப்பில் சேரவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் தறிமேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு இழைகளைத் தடவினான். அரக்கு நிறப் பட்டு. கை பாதி தூரம் போனதும் நின்றது. கிட்டார் கம்பியை அழுத்தி அழுத்திச் சுட்டுவிரல் நுனியில் உரிந்திருந்த தோல் ஒரு இழையைக் கவ்வியிருந்தது. விடுவித்தான். இழை அறவில்லை. ஆனால் பூனை மீசைபோல ஒரு பிசிறு எழுந்து நின்றது.

"இன்னாடா அது?"

அக்கா கமலவேணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தறியில் கரையை உடலோடு கோக்கும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவள் அவள்தான். அவன் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பினாள். நான்கு விரல் நுனியும் பழைய சுவர்ச் சுண்ணாம்புபோல உரிந்துகொண்டிருந்தன.

"நாளைக்கு முந்தி பிணைக்கணும். தெரியுமில்ல?"

தெரியும். புடவையின் உடல் நெய்து முடிந்துவிட்டது. இனி முந்தியின் பச்சைப் பாவை அரக்குப் பாவோடு இழை இழையாகக் கையால் பிணைக்கவேண்டும். இந்த வீட்டில் அது எப்போதும் அவன் வேலை. அவன் கை பட்டால் பிணைப்பு இருக்கிற இடமே தெரியாது என்று அப்பா வெளியாட்களிடம் சொல்லுவார். அவன் நன்றாகச் செய்கிறான் என்று யாராவது சொன்ன ஒரே வேலையும் அதுதான்.

"இந்தக் கையோட பட்டைத் தொட்டே, புடவை பூனைக்குட்டியாட்டம் ஆய்டும்," என்றாள் கமலவேணி. "ஒண்ணு அத்த வுடு. இல்ல, இத்த வுடு."

அவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு பாட்டுகூட முழுசாக வாசிக்கத் தெரியாத கைக்காக, தெரிந்த ஒரு வேலையைக் கெடுத்துக்கொள்வானா ஒருவன்?

மேரி மாடியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன் இடது கையை நீட்டினாள். "தொட்டுப் பாரு."

விரல் நுனிகள் கெட்டியாக, புளியங்கொட்டைபோல வழவழவென்று இருந்தன. பட்டு இவற்றில் சிக்காது.

"எனக்கும் உரிஞ்சுதுபா. கொஞ்ச நாளு. இப்ப வுட்டேன்னா பழைய தோலு வந்துடும். அப்பறம் எப்ப ஆரம்பிச்சாலும் மொதல்லேந்து உரியும்."

"நாளைக்குப் பிணைக்கணும் மேரி."

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல," என்றாள் மருந்துக்கடைக்காரி.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் தாளம் சேரவில்லை. கிட்டார் முதுகில்தான் இருந்தது.

கமலவேணி இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியிலேயே நின்றான்.

"அக்கா, நீ பிணைக்கிறியா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவனையும் தோளில் இருந்ததையும் பார்த்தாள்.

"இத்தினி வருஷமா என் கை மொத்தை, மொத்தைன்னு சொல்லிக்கினு இருந்தவன் யாரு?"

"நான்தான்."

"கோணலா வந்தா அப்பா உன்னைக் கேக்கமாட்டாரு. என்னைத்தான் கேப்பாரு."

"நான் சொல்றேன் அப்பாகிட்ட."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். பக்கத்துல குந்திக்கினு இரு. தொட்டேன்னா கையிலயே போடுவேன்."

அவன் தறிக்குப் போனான். எழுந்து நின்ற பிசிறை ஊதிப் பார்த்தான். படுத்தது, மறுபடியும் எழுந்தது. பிறகு விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, தாளில் கறை படாமல் பேனாவைப் பிடித்து, பிழைக்குக் கீழே எழுதினான்.

நாளை: காலையில் அக்கா முந்தி பிணைப்பாள். நான் இழை பிரித்துக் கொடுக்கவேண்டும், விரலால் அல்ல, மூங்கில் குச்சியால். அவள் கோணலாகப் பிணைத்தாலும் வாயைத் திறக்கக்கூடாது. மாலையில் புதுக் கம்பி மாட்டவேண்டும்.