பம்பரம் நின்ற ஒரு மணி நேரம்

1

இந்தக் கதை திருடியது. பறிகொடுத்தவள் என் தங்கை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். “எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு மேடம் இருக்காங்கண்ணா” என்று போனில் ஆரம்பித்தாள். பாதி வழியில் அந்த மேடம் காணாமல் போய், ‘நான்’ வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், பேனாவையும் எடுத்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: சரியாக ஒரு மணிக்கு அந்தக் காகிதம் அவள் மேசைக்கு வந்தது. அதன் ஓரத்தில் ரத்தம்

(ரத்தம் கிடையாது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்: ஆசிரியர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை

(இது கட்டுரை. நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

காகிதத்துக்கே போவோம். அது பிரிவு மாற்றப் படிவம். ‘பம்பரம்’ பிரிவிலிருந்து ‘நாற்காலி சார்’ பிரிவுக்குப் போக ஒருவர் விண்ணப்பித்திருந்தார். கடைசி நாள் இன்று. ஆபீஸ் நான்கு மணிக்குப் பூட்டும். பம்பரம் கையெழுத்துப் போட வேண்டும்.

2

பம்பரம் என்பது என் தங்கைக்கு மாணவர்கள் வைத்த பெயர். வகுப்பில் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பாள், பின்சுவரில் சாய்ந்து விளக்குவாள், போர்டில் எழுதிக்கொண்டே பேசுவாள். படிக்கிற காலத்தில் அவளுக்குக் கிடைத்தது கடைசி பெஞ்சு. பாடமெல்லாம் முதல் வரிசையோடு தீர்ந்துபோகும். அதனால் ஒரு சபதம்: “என் வகுப்புல கடைசி பெஞ்சுன்னே ஒண்ணு கிடையாது. நாலு மூலைக்கும் நானே போவேன்.”

நாற்காலி சார் பக்கத்து அறை. அதே பாடம். உட்கார்ந்தால் மணியடித்துத்தான் எழுந்திருப்பார். குறிப்பை நிதானமாக வாசிப்பார். அவர் வகுப்பில் ஈகூடக் கொட்டாவி விடும்.

அவரிடம் போகத்தான் படிவம். கொடுத்தவர் மில்லக்கா. வயது முப்பத்தொன்பது, பதினொரு வருடம் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். கூடப் படிக்கிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினொன்று. அடுத்ததும் போனால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது.

3

“ஏங்க மாறணும்?”

“நேரம் ஒத்துவரலை மேடம்.”

“ரெண்டு பிரிவும் ரெண்டே முக்காலுக்குத்தானே.”

மில்லக்கா சிரித்து வைத்தார். பம்பரம் அலமாரியைத் திறந்து அவருடைய விடைத்தாளைத் தேடிக்கொண்டே, “நான் ஏதாவது மனசு நோகச் சொல்லிட்டேனா?” என்றாள். பதில் இல்லை. “வகுப்பு பிடிக்கலையா?” அதற்கும் இல்லை. சுருக்கென்று திரும்பினாள்.

“கேட்டுட்டே இருக்கேன், வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க.”

“எப்ப கேட்டீங்க?”

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அது ஒருவருக்குத்தான் கேட்டது.

“மில்லு சத்தம் காதை வாங்கிடுச்சு மேடம். அங்க எல்லாருமே உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். நீங்க எதிர்ல நின்னா ஒரு வார்த்தை தப்பாது. திரும்புனீங்கன்னா அவ்வளவுதான், படம் கட்டாயிடும்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“பிள்ளைங்க உங்க வகுப்பைக் கொண்டாடுதுங்க. எனக்காக நில்லுங்கன்னு எந்த வாயால சொல்ல? சார் பாவம், எங்கயும் போகமாட்டார். முழுசா கிடைப்பார்.”

[இந்த இடத்தைப் படித்துவிட்டுத் தங்கை போன் செய்தாள். “என்னை வில்லியாக்கிட்டியா?” “வில்லியே இல்லாம எப்படி எழுதறதுன்னுதான் முழிச்சிட்டிருக்கேன்.” “அலமாரிக்குள்ள தலையை விட்டுட்டுப் பேசினேன்னு மட்டும் எழுதாதே.” “எழுதியாச்சு.” வைத்துவிட்டாள்.]

4

“இன்னைக்கு ஒரே ஒரு வகுப்பு பாருங்க. முடிஞ்சதும் கையெழுத்துப் போடறேன்” என்றாள் பம்பரம்.

இரண்டே முக்கால். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு எழுதினாள், திரும்பினாள், பிறகு பேசினாள். பின்னாலிருந்து யாராவது சந்தேகம் கேட்டால், அந்தக் கேள்வியைத் தானும் ஒருமுறை சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போனாள். பத்தாவது நிமிடத்தில் ஒரு பெண் கேட்டே விட்டாள்: “மேடம், கால்ல அடிபட்டிருக்கா?”

முப்பதாவது நிமிடத்தில் பாடம் சூடுபிடித்தது. கால்கள் கேட்காமலே கிளம்பிவிட்டன. பாதி வாக்கியத்தில், பின்சுவர் அருகே நின்று பார்க்கிறாள்: மில்லக்கா கழுத்தை முழுக்கத் திருப்பி, பேனா அந்தரத்தில் நிற்க, இவள் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஓடி வந்து மறுபடி சொன்னாள். இப்படி ஆறு தடவை.

மில்லக்காவின் நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது. வழக்கமாக ஒன்று தேறாது.

இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் கடைசி பெஞ்சில் இருவர் தூங்கிவிட்டார்கள். அவள் வகுப்பில் ஆறு வருடத்தில் விழுந்த முதல் தூக்கம்.

5

முடிவு அ: மில்லக்கா படிவத்தைக் கிழிக்கிறார். வகுப்பே கைதட்டுகிறது. (“யாருமே தட்டலையேண்ணா.”)

முடிவு ஆ: மில்லக்கா பக்கத்துப் பிரிவுக்குப் போய் முதலிடம் வாங்குகிறார். பம்பரம் அங்கே மாணவியாக உட்கார்ந்து (தங்கை மூன்று நாள் பேசமாட்டாள். வேண்டாம்.)

முடிவு இ: நாற்காலி சார் எழுந்து நிற்கிறார். (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

6

நடந்தது மூன்று ஐம்பது வரை இதுதான். பம்பரம் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை நீட்டினாள்.

“நாளைக்கும் மறந்துடுவேன். மறுநாளும் மறப்பேன். மறக்கறப்பல்லாம் கையைத் தூக்குங்க.”

“எத்தனை நாளைக்கு மேடம்?”

“வருஷம் பூரா.”

“கை வலிக்குமே.”

“பின்னாடி ரெண்டு பேர் தூங்கினாங்களே, அவங்களை என்ன செய்யறதுன்னும் எனக்குத் தெரியலை.”

“நானும் பாத்தேன்” என்றார் மில்லக்கா. படிவத்தை மடிக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அவர் தங்கிவிட்டார் என்று எழுதினால், ஒரு நாள் நல்ல வகுப்பு போதும் என்று நிம்மதியாகிவிடுவீர்கள். போய்விட்டார் என்றால், என் தங்கை நின்ற ஒரு மணி நேரத்தை வீண் என்பீர்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

எனவே அவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருக்கிறார். கோடியில் வலப்பக்கம் ஆபீஸ், இடப்பக்கம் வாசல். பத்து நிமிடம் இருக்கிறது. போங்கள் என்றோ, இருங்கள் என்றோ, நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். கொஞ்சம் எட்டி நடந்து, அவருக்கு முன்னால் போய், முகத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, அப்புறம் சொல்லுங்கள்.