வாங்காதே என்று விற்றவர்

குளிருக்குத் தப்பிப் பாலைவன ஊரான யூமாவுக்கு வந்த வடக்கத்திக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். டெல்பர்ட்டும் அவர் மனைவி நார்லீனும் மட்டும் ஒரு சின்ன வாடகை வீட்டில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வீட்டு வண்டி, அதாவது படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பஸ் போன்ற வண்டி, நெடுஞ்சாலை ஓரத்து வண்டிக்கடையில் விலைக்கு நின்றது. விற்கிறவரை வண்டி டெல்பர்ட்டுடையதுதான். கடைக்காரன் கர்டிஸ் விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வான்.

இதற்கு அவரைத் தலையாட்ட வைப்பதற்குள் நார்லீனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மனுஷனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எழுபத்தாறு வயதில் மங்காமல் என்ன செய்யும்? ஆனால் ஒப்புக்கொண்டால்தானே! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கோடையில் மொன்டானா மலைப்பாதையில் இவர் அந்தப் பூதத்தை ஓட்டினால் இரண்டு பேருமே பள்ளத்தில்தான் என்று அவள் பயந்தாள். அவள் அழுத அழுகைக்கு விற்கச் சம்மதித்தவர், ஆனை விலை குதிரை விலை வைத்தார்.

"கோடைக்குள்ள விலை போகலைன்னா வண்டி நமக்குத்தான்னு ஆண்டவனே சொல்லிட்டாருன்னு அர்த்தம். நாம கிளம்பிடணும், ஆமா."

ஒருநாள் காலையில் கர்டிஸ் போன் பண்ணினான்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அவரை வீட்டுல கட்டிப் போடுங்க. தினம் வந்து வண்டி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கறார். வர்றவங்ககிட்டல்லாம் குறையா சொல்லி விரட்டறார். நான் எப்படி விக்கிறது?"

டோனட் கடையில் நண்பர்களோடு காப்பி குடிக்கப் போவதாகச் சொல்லித்தான் அவர் தினமும் காரை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாரே என்று நார்லீனுக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கத்து வீட்டுக்காரியின் காரில் ஏறி வந்து கடை வாசலில் இறங்கினாள்.

டெல்பர்ட் மும்முரமாக இருந்தார். எதிரே மரிசெலா என்ற நர்ஸ். ஊர் ஊராக ஆஸ்பத்திரி மாறி வேலை பார்க்கிறவள். தங்குவதற்கு வண்டி தேடி வந்திருந்தாள்.

"மழை பெஞ்சா படுக்கைக்கு நேர் மேல சொட்டும். ஏசி போட்டா ராத்திரி பூரா கத்தும், தூங்கவே முடியாது."

"சரி, வலது பக்கம் நீளமா கீறல் இருக்கே, அது?"

மார்க்கெட் வாசலில் நிறுத்தியிருந்தபோது எவனோ இடித்துவிட்டுப் போனான் என்பதுதான் நார்லீனுக்குத் தெரிந்த கதை.

"அதுவா? பெட்ரோல் பங்க் கம்பம். பட்டப்பகல். கண்ணுலயே படலை, பெண்ணே. அப்படி அடி வாங்கின வண்டி உனக்கெதுக்கு?"

அடப்பாவி மனுஷா! நார்லீன் அப்படியே நின்றுவிட்டாள்.

மரிசெலா சிரித்தாள். "இவ்வளவு உண்மை சொல்லி வண்டி விக்கிறவரை நான் பாத்ததே இல்ல, சார். கூரையைச் சரி பண்ணிக்கலாம், கீறலால ஒண்ணும் ஆகிடாது. நீங்க கேக்கற விலை முடியாது. நியாயமா ஒண்ணு சொல்றேன், இப்பவே எடுத்துக்கறேன்."

அவள் சொன்ன விலையைக் கேட்டுக் கர்டிஸின் முகம் மலர்ந்தது. ஆனால் வண்டியின் சொந்தக்காரர் சரி சொல்ல வேண்டுமே! விரட்டப் போய் வாங்க வைத்துவிட்டோம் என்று புரிந்ததும் டெல்பர்ட்டுக்குப் பகீரென்றது.

"முடியவே முடியாது! உன்னை விட்டா ஆளே இல்லையா? இதோ, இன்னொருத்தங்க பாக்க வந்திருக்காங்க. வாங்கம்மா, ஏன் அங்கயே நிக்கறீங்க? வண்டி பாக்கத்தானே வந்தீங்க?"

பத்தடி தூரத்தில், நல்ல வெயிலில், அவர் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டையோடு நார்லீன்தான் நின்றுகொண்டிருந்தாள். கர்டிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"டெல்பர்ட்," என்றாள் அவள். "நான்தான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. நார்லீனுக்குக் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவமாக இருந்தது, அழுகை வந்தது. கிட்டப் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"அந்தப் பொண்ணு சொன்ன விலைக்கே எழுதிடு, கர்டிஸ்," என்றார் டெல்பர்ட் கடைசியில்.

எழுந்து, பையிலிருந்த கார்ச் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"வீட்டுக்கு நீ ஓட்டு, நார்லீன். தினமும் பயந்துகிட்டேதான் ஓட்டிட்டு வந்தேன்."