வயதை மறைக்கத் தெரியாத சிப்பி

ஜாபிருக்குப் பதற்றம் வந்தால் வாய் சும்மா இருக்காது. வாயைத் திறந்தால், பர்மாவில், தாகேதா பேட்டையில் அவன் வேலை பார்க்கும் ஐஸ் கிடங்கின் மீன், சிப்பிச் சரக்கைத் தவிர வேறு பேசவும் தெரியாது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெண் இன்ஷா, அதே ஊரில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் நாலாம் மாடி வீட்டுக்காரி. இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போய் ரொம்ப நாளாயிற்று. சரி என்று சொல்ல வேண்டியவர் ஜாபிரின் தாய்மாமன் பர்கத்துல்லா. பெண் மாப்பிள்ளையைவிட ஒரு நாளாவது இளையவளாக இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஜாபிருக்கு இருபத்தெட்டு. இன்ஷாவுக்கு முப்பத்தொன்று. அவள் அம்மா பரீதா துணிந்து இருபத்தாறு என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உண்மை தெரிந்தால் சம்பந்தம் அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று, ஜாபிர் கொடுத்தனுப்பிய குளிர்க்கடல் சிப்பியைப் பரீதா ஓட்டோடு மிளகு போட்டு வதக்கி, கூடத்தில் ஆண்களுக்கு வைத்தாள். மாமாவின் மனைவி நிலோஃபரும் இன்ஷாவும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

“பாதிச் சிப்பிக்குள்ள ஆரஞ்சு, மீதிக்குள்ள வெள்ளை. கெட்டுப்போச்சா?” என்றார் மாமா.

“ஆரஞ்சு பொட்டை, மாமா. வெள்ளை ஆணு.”

மாமாவின் கை நின்றது. “ரெண்டும் ஒரே சட்டியிலயா?”

“ரொம்ப அடக்கமான ஜீவன் மாமா. ஒண்ணை ஒண்ணு தொடவே தொடாது. இது முட்டையைத் தண்ணில விடும், அது அதோடதை விடும். கடல்தான் சேத்து வைக்கும்.”

இந்த ஒழுக்கம் மாமாவுக்குப் பிடித்துப்போய், இன்னும் நாலைந்தை அள்ளிப் போட்டுக்கொண்டார். அந்த மடையன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“வயசை மட்டும் அதால மறைக்க முடியாது மாமா. குளிர் காலத்துல வளர்ச்சி நின்னு, ஓட்டுல ஒரு வரி விழும். எண்ணிட்டாப் போச்சு.”

அடுப்படியில் பரீதாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார்.

“இத்தனூண்டுக்கு எட்டு வயசா?”

“குளிருல மெதுவாத்தான் வளரும். சூட்டுக்கடல்ல இருக்கறது ஒரே வருஷத்துல பெருசாயி, சீக்கிரமே போயிடும். இது இருபது வருஷம்கூடக் கெடக்கும்.”

மாமா ஓட்டைக் கீழே வைத்தார். “பொண்ணுக்கு எத்தனை வரி?”

பரீதா வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது. இன்ஷாவுக்கு நாக்கு ஓடுவது பர்மிய மொழியில்தான். இதைத் தமிழிலேயே சொன்னாள்.

“முப்பத்தொண்ணு.”

மாமா எழுந்து கைலியை இறுக்கிக் கட்டினார்.

“நிலோஃபர், கெளம்பு.”

“நான் எங்க கெளம்பறது? பொண்ணு கையில நிச்சய வளையலைப் போட்டாச்சு.”

“மாப்பிள்ளைக்கு மூத்தவ கையிலயா?”

“ஒங்களுக்கு மூத்தவதான் இத்தனை வருஷமா ஒங்களுக்குச் சோறு போடுறா. ஒங்க உம்மாவுக்குத் தெரியும். ஒங்ககிட்ட சொல்லல.”

மாமா மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். ஜாபிரின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கேட்டார்.

“எத்தனை? ஒரு வருஷமா?”

திரைக்குப் பின்னாலிருந்து நிலோஃபர் சொன்னாள்.

“நாலு.”